யார் இட்ட பெயர்? (தமிழர் வாழ்வு: வரலாற்றுத் தொடர் – 14)

தமிழில் எழுதிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சொற்களில் பெரும்பகுதி ஆள்பெயர்கள். கீழடியில் எடுத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்று ஒன்று, ‘குவிரன் ஆதன்’ என்று ஒன்று, ‘உதிரன்’ என்று ஒன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ‘கண்ணன் ஆதன்’ இருக்கிறான்; வடமொழி ஸகரத்தோடு எழுதிய ‘சம்பன் ஸுமணன்’ என்பவனும் இருக்கிறான். செங்கடல் கரையில், எகிப்தின் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கண்ணனும் சாத்தனும் வருகிறார்கள். தாய்லாந்தின் கிராபி பகுதியில் கிடைத்த ஒரு பொற்கொல்லரின் உரைகல்லில் ‘பெரும்பத்தன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கடல் கடந்து போனவர்கள் பொருளோடு பெயரையும் கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களையும் சங்கப் புலவர் பட்டியலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அன்று புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான். ஆதன், சாத்தன், கொற்றன், பூதன், நாகன், கண்ணன், கீரன் என்று சிலவே மீண்டும் மீண்டும் வருகின்றன. கொற்றம் என்றால் வெற்றி. கொற்றன் அதில் பிறந்தது. நாகன், பூதன் ஆகியவை வழிபாட்டோடு சேர்ந்தவை. சாத்தன் என்பது தெய்வப் பெயருமாகும். ஓர் ஊரில் பத்துச் சாத்தன்கள் இருந்தால் இந்தச் சாத்தன் யார் என்று சொல்ல ஊரையோ தொழிலையோ தந்தையையோ சேர்க்க வேண்டும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற நீண்ட பெயரில் இந்த மூன்றுமே உண்டு.

தந்தை பெயரைச் சேர்ப்பதற்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதியே வகுத்திருக்கிறது. சாத்தன் மகன் கொற்றன் என்பது சுருங்கிச் சாத்தங்கொற்றன் ஆகும் என்று உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். இன்று சா. கொற்றன் என்று எழுதுவதை அன்று ஒரே சொல்லில் அடக்கினார்கள். எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு. ஆதன் தந்தை என்பது ஆந்தை; பூதன் தந்தை என்பது பூந்தை. பிசிராந்தையார் என்ற புலவர் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தை. அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பிள்ளை பெயரைச் சொல்லி ‘முருகன் அப்பா’ என்று பெரியவரைக் கூப்பிடும் தெருப் பழக்கத்துக்கு இவ்வளவு பழைய இலக்கணச் சான்று இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

தந்தை மகனுக்கு ஒரே பெயர் அமைந்தால் பெரு, இள என்ற அடைகள் வந்தன. கரூருக்கு அருகே புகளூர் மலைக் கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறார்கள்: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. ஆனால் நிலைத்த வழக்கம் தந்தை பெயரை இடுவதன்று, தாத்தா பெயரை இடுவது. பேரன் என்ற உறவுச்சொல் பெயரன் என்பதன் மருவு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பிறந்த மகனைக் கணவனுடைய தந்தையின் பெயரன் என்று குறிப்பிடும் இடங்கள் சங்கப் பாடல்களிலேயே உண்டு. யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தாவையே குறிக்கும். ஒரே பெயருக்கு இருவர் உரியவர் என்பதால் உறவுச்சொல்லும் இரு பக்கமும் போயிருக்கிறது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்றும் பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்றும் பட்டப்பெயர்களை மாறி மாறிப் பூண்டதிலும் இந்த ஒன்றுவிட்ட தலைமுறைக் கணக்கின் சாயல் இருக்கிறது.

வீட்டுக்குள் இருந்த இந்தப் பெயரிடும் உரிமையில் முதலில் கைவைத்தது பக்தி இயக்கம். பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் பற்றியது. காசுக்கும் கரைபோட்ட துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரைப் பிள்ளைக்கு இடுகிறீர்களே என்று பெற்றோரை அவர் கடிந்துகொள்கிறார். கேசவன், நாரணன் என்று திருமாலின் பெயரை இட்டால் பெற்ற தாய்க்கு நரகம் இல்லை என்பது அவர் வாக்கு. செல்வர் வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துப் பரிசு வாங்கும் பழக்கம் அந்நாளில் இருந்திருக்கிறது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. சைவத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டவர். வீட்டிலிருந்த படி, தராசு, பசு, எருமைக்குக்கூட அதே பெயர்தான் என்கிறது பெரியபுராணம்.

புராண மிகை என்று அதைத் தள்ளிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். பொன் நிறுத்த கல்லின் பெயரும் ஆடவல்லான். அது கூத்தப்பெருமானின் பெயர். அந்த மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வீதம் பங்கு பெற்ற, கோயிலுக்கு உரிய பெண்களான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஆம் ஆண்டையொட்டி, கோயில் திருச்சுற்றில் வெட்டப்பட்டன. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. ஒரே காலத்தில் வாழ்ந்த சாதாரணத் தமிழ்ப் பெண்களின் பெயர்கள் இத்தனை ஒருசேரக் கிடைப்பது மிக அரிது.

அந்தப் பட்டியல் நிதானமாகப் படிக்க வேண்டியது. எடுத்தபாதம் என்று ஒருத்தி. ஆடும் பெருமான் தூக்கிய திருவடியே அவள் பெயர். தில்லையழகி, சோழகுலசுந்தரி, ஏகவீரி என்று சிலர். மறைக்காடு, திருவையாறு, ஆரூர் என்று ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர்கள் பலர். பாடல்பெற்ற தலம் என்பதால் ஊரே தெய்வப் பெயராகிவிட்டது. பெண்ணுக்கு ஏற்ப விகுதி மாற்ற வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’ என்று நிற்கிறது. நக்கன் சிவபெருமானின் பெயர். தந்தை பெயர் வரவேண்டிய இடம் அது. கோயிலுக்கு உரியவளுக்குச் சிவனே தந்தை என்று கொண்டால் அந்த வழக்கம் சாத்தங்கொற்றன் விதியோடு அப்படியே பொருந்துகிறது.

ஆண்களிலும் அதே அமைப்புத்தான். அக்கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த படைத்தலைவன் கிருஷ்ணன் இராமன். கிருஷ்ணன் மகன் இராமன். மும்முடிச்சோழ பிரமமாராயன் என்பது அரசன் தந்த பட்டம். கோயில் நிர்வாகமான ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனுக்குத் தென்னவன் மூவேந்தவேளான் என்று பட்டம். அரண்மனையிலும் பிறந்த பெயர் ஒன்று, புழங்கிய பெயர் வேறு. இராசராசனின் இயற்பெயர் அருமொழி. பட்டத்தரசி உலோகமாதேவியின் இயற்பெயர் தந்திசக்தி விடங்கி. விடங்கர் திருவாரூர் தியாகேசர். முதலாம் இராசேந்திரனின் அன்புக்குரியவளாகத் திருவாரூர்க் கோயிலில் திருப்பணி செய்தவள் பெயர் பரவை நங்கை. சுந்தரர் மணந்த பரவையும் அதே ஊர்க்காரிதான். ஓர் ஊரின் கதை அந்த ஊர்ப் பெண்களின் பெயரில் தொடர்ந்து வந்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோர் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். தமிழ்ப் பெயர் ஆராய்ச்சிக்கு அதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

ஊர்த் தெய்வத்தின் பெயரை இடும் இந்தப் பழக்கம் போன தலைமுறை வரை உயிரோடு இருந்தது. பெயரைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். நெல்லையப்பனும் காந்திமதியும் திருநெல்வேலி. சங்கரநாராயணனும் கோமதியும் சங்கரன்கோவில். சொக்கலிங்கம், மீனாட்சி மதுரை. வைத்தியநாதனும் தையல்நாயகியும் வைத்தீசுவரன் கோயில், தாயுமானவன் திருச்சி, உண்ணாமுலை திருவண்ணாமலை, ஏகாம்பரம் காஞ்சிபுரம், கபாலி மயிலாப்பூர். பெருங்கோயிலுக்கு வெளியே சுடலைமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து என்றால் தாமிரபரணிப் பக்கம். சோணை, முனியாண்டி, அழகர் என்றால் மதுரை வட்டாரம். குலதெய்வத்தின் பெயரை மூத்த பிள்ளைக்கு வைக்காவிட்டால் தெய்வக் குற்றம் என்று பாட்டி வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

தாத்தா பெயரை வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கோ அதே பெயர். தொட்டிலிடும் நாளில் அத்தையோ பெரியவரோ குழந்தையின் காதில் மூன்று முறை சொன்ன பெயரைத் தாய் வாயால் ஒரு முறையும் சொல்ல முடியாது. அதனால் கூப்பிடும் பெயர் ஒன்று தனியே தேவைப்பட்டது. ராசா, துரை, ஐயா, அப்பு, தம்பி, பெண்ணுக்குப் பாப்பா, ஆத்தா என்று வந்ததெல்லாம் அப்படித்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் கேட்டபோது பல பிள்ளைகள் கூப்பிடும் பெயரையே சொன்னதால் துரைசாமியும் பாப்பம்மாளும் பதிவேட்டில் ஏறினார்கள்.

குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில் பெயர் ஒரு காப்பு. அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். அக்கம்பக்கத்தில் பிச்சை எடுத்த காசில் ஏதாவது செய்து போட்டுப் பிச்சை, பிச்சம்மாள் என்றார்கள். தவிட்டை விலையாகக் கொடுத்துப் பக்கத்து வீட்டாரிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்குவதும் உண்டு. ஆண்பிள்ளைக்கும் மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று அழைத்தார்கள். மதிப்பில்லாத பொருள் என்று காட்டினால் எமன் விட்டுவிட்டுப் போவான் என்பது நம்பிக்கை. அம்மை, காலரா, பேறுகால மரணம் ஆகியவற்றின் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படாத ஊர்களில் இந்தப் பெயர்களே அந்தக் கணக்கு. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களை இவற்றோடு சேர்க்கக்கூடாது. அவை பிள்ளை பிழைக்க வேண்டும் என்று இட்டவை அல்ல. இனிப் பெண் பிறக்கக்கூடாது என்று இட்டவை.

சாதியும் பெயருக்குள் நின்றது. மேல்தெருவில் முனுசாமி என்றால் சேரியில் முனியன். அங்கே கருப்பையா என்றால் இங்கே கருப்பன். சாமி, ஐயா என்ற ஈறுகள் ஒலிக்குள் மரியாதையை வைத்திருப்பவை. கூப்பிடுகிறவன் அந்த மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும். அதனால்தான் ஒடுக்கப்பட்டவர்கள் அந்த ஈறுகளை வைத்துக்கொள்வதை ஆதிக்கம் செய்தவர்கள் பொறுக்கவில்லை. வைத்துக்கொண்டாலும் வெட்டிக் கூப்பிட்டார்கள்.

இசுலாமும் கிறித்துவமும் புதிய பெயர்களைக் கொண்டு வந்தன. தமிழ் அவற்றைத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. கீழக்கரை வள்ளல் ஷேக் அப்துல் காதிர், சீதக்காதி ஆனார். நாகூர் ஆண்டவர் பெயரால் சாகுல் ஹமீதுகள் தெற்கெங்கும் பிறந்தார்கள். நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பங்களில் நாகூரான்கள் பிறந்தார்கள். வேளாங்கண்ணி மாதா அளித்தவை ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. கத்தோலிக்கர் செய்த மொழிபெயர்ப்புகள் அழகானவை. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். சவேரியார் பெயரால் சவரிமுத்து. லாசர் என்றால் கடவுளின் உதவி. 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை அந்தப் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தபோது உலகமெங்கும் ஒலித்தது அந்தப் பெயர்தான். சீர்திருத்தச் சபையாரும் ஞானசிகாமணி, வேதநாயகம், சத்தியநாதன் என்று வேதப் பொருளை வடமொழி கலந்த தமிழில் சொன்னார்கள்.

வெள்ளையர் ஆட்சியில் பெயர் காகிதத்துக்கு வந்தது. ஊர், தந்தை, தன் பெயர் என்ற பழைய வரிசை ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கி இனிஷியல் ஆயிற்று. நகரத்தார் கடைகளில் அதற்கு விலாசம் என்று பெயர். கொடுக்கல் வாங்கலில் ஆளை விட விலாசமே செல்லும். கப்பலேறியவர்களுக்கு நேர்ந்தது வேறு. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் நேட்டால் சேர்ந்தது முதல், தென்னாப்பிரிக்கப் பதிவேடுகள் குடும்பப் பெயர் கேட்டன. பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர், படையாட்சி என்ற சாதிப் பட்டங்கள் அங்கே நிலையான குடும்பப் பெயர்களாயின. தமிழ்நாட்டில் பின்னாளில் உதிர்ந்தவை டர்பனில் இன்றும் கதவில் தொங்குகின்றன.

ஒருவருடைய பெயரை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு உ.வே. சாமிநாதையர் நல்ல சான்று. 1855இல் பிறந்த அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமா, அதாவது சாமிநாதன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, சைவரான ஆசிரியருக்கு வேங்கடராமன் என்று கூப்பிட மனம் வரவில்லை. வேறு பெயர் உண்டா என்று கேட்டு வீட்டுப் பெயரையே நிலையாக்கிவிட்டார். தாத்தாவும் தெய்வமும் வைத்துவந்த பெயரை ஓர் ஆசிரியர் மாற்றிவைத்தார்.

அந்தச் சாமிநாதையர் பதிப்பித்த நூல்களே அடுத்த நூற்றாண்டின் பெயர்க் களஞ்சியமாயின. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இளங்கோ, செங்குட்டுவன், செழியன், பாரி, கபிலன், மணிமேகலை என்ற பெயர்கள் நூற்றாண்டுகளாகத் தொட்டிலுக்கு வராதவை. அச்சேறிய பின் வந்தன. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் என்ற பெயரில் எழுதினார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபோது வேதாசலம் மறைமலை ஆனார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது, ஈ.வெ. ராமசாமி தம் பட்டத்தை விட்டார். பொதுவாழ்வில் சாதிப் பட்டம் இல்லாமல் பெயர் எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறியது அடுத்த கட்டம். பகுத்தறிவுக் குடும்பங்களில் லெனின், சாக்ரடீஸ், இங்கர்சால், ரஷ்யா என்று வைத்தார்கள். 1953 மார்ச் முதல் நாள் பிறந்த மு. கருணாநிதியின் மகன் அதே வாரம் மறைந்த சோவியத் தலைவரின் பெயரைப் பெற்றார். தேசிய இயக்கம் சுபாஷையும் போஸையும் பாரதியையும் தந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அருள்மொழி, வானதி, பூங்குழலி ஆகியோரைத் தந்தது. பெயர் ஒரு கொள்கை அறிவிப்பாக இருந்த காலம் அது.

அது நீளவில்லை. 1960களுக்குப் பின் வந்த மாற்றம் ஓர் எழுத்தில் தெரியும். தாத்தா கணேசன், வேங்கடேசன். பேரன் ரமேஷ், சுரேஷ். வடமொழிப் பெயரைத் தமிழாக்கிய ‘அன்’ ஈறு போய், வடநாட்டு ஒலிப்பு வந்தது. அடுத்து வந்தது நட்சத்திர எழுத்து. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கு நான்கு பாதம் வீதம் நூற்றெட்டு எழுத்துகளைப் பஞ்சாங்கம் தருகிறது. பரணிக்கு லி, லு, லே, லோ. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. இந்தச் சக்கரம் வடமொழி ஒலிகளுக்காக அமைந்தது. ட, ண, ர, ல உள்ளிட்ட எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்கு எழுத்துப்படி தமிழ்ப் பெயர் வைக்க வழியே இல்லை, டில்லிபாபு வைக்கலாம். அஸ்தத்துக்கு ண, திருவாதிரைக்கு ங என்றும் அதே பட்டியல் சொல்கிறது. அங்கே மட்டும் பெற்றோர் சத்தமில்லாமல் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறார்கள்.

முதலெழுத்து முதலில் தீர்மானமானால் பெயர் பின்னால் வருகிறது, பொருள் அதற்கும் பின்னால் வருகிறது. எண்கணிதம் சேர்ந்தால் ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பெயர்ப் புத்தகங்கள் எந்த ஒலிச் சேர்க்கைக்கும் ‘கடவுளின் பரிசு’, ‘சூரிய ஒளி’ என்று ஒரு பொருள் போட்டுவிடும். அகராதியில் தேடினால் பாதிக்கு மேல் இருக்காது. தாத்தா பெயரை இட்டவர் அதன் பொருளைத் தேடியதில்லை. எடுத்தபாதம் என்று வைத்தவருக்குத் தேட வேண்டிய தேவை இல்லை.

தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. பெயர் ஏட்டில் ஏறும் பிறப்பு, இறப்புப் பதிவு இப்போது நடப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் சொல்ல வேண்டியதில்லை. பதிவு நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் குழந்தையின் பெயரைச் சேர்க்கலாம்.

(தொடரும்)